ரெடிமேடின் பரம விரோதி

என் மனைவி தையல்காரி. ரெடிமேட் என்றாலே அவளுக்கு ஆகாது. கடையில் வாங்கிய உடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் பேரு தையலா?" என்பாள். வந்தவர் உடுப்போடு மானத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வாய்தான் அவளுக்கும் அவள் தங்கைக்கும் ஆகாமல் செய்தது. தங்கை தன் மகள் கல்யாணத்துக்கு ரெடிமேட் உடுப்பு போட்டுக்கொண்டு நின்றாள். இவள் சும்மா இருக்கக்கூடாதா? நாலு பேர் முன்னால், "யாரோடதையோ இரவல் வாங்கின மாதிரி தொளதொளன்னு இருக்கே" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. இவளும் ஒரு வருடமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தாள். ஆனால் போன் அடித்தால் தைத்துக்கொண்டிருக்கும் துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடுவாள். பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையே கூப்பிட்டாள். சாயங்காலம் வருகிறாளாம். "உனக்குப் பிடிச்ச ஆப்பிள் பை, என் கையாலயே செஞ்சு வைக்கிறேன்" என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். மாவு ஓட்டுக்குள் ஆப்பிளை வைத்து மூடிச் சுடும் பலகாரம் அது.

முதலில் பிசைந்த மாவு பலகையாக இறுகியது. அடுத்தது கந்தலாகக் கிழிந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தேய்ச்ச மாவையே சுருட்டி கடையில விக்கிறாங்களாமே" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"ரெடிமேடா?"

அவள் முறைத்த முறைப்பில் நான் செருப்பைத் தேடினேன்.

வாங்கி வந்த மாவோடு ஒரு தாளும் சுருண்டிருந்தது. அதை உரிக்காமல், தாள் உள்பக்கம் வரும்படி தட்டில் விரித்தாள்.

"தாளை எடுக்க வேணாமா?"

"உங்களுக்கு என்ன தெரியும்? காலர் விறைப்பா நிக்க உள்ள கேன்வாஸ் வைக்கிறதில்லையா, அந்த மாதிரிதான். எடுத்தா தொய்ஞ்சிடும்."

தொழில் தெரிந்தவளிடம் எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். சர்க்கரையும் பட்டைத்தூளும் புரட்டிய ஆப்பிள் துண்டுகளைத் தாளின் மேல் நிரப்பி, இன்னொரு மாவு வட்டத்தால் மூடி, துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கழுவி ஓரத்தை நறுக்கினாள். சுற்றிலும் சுருக்கம் வைத்தாள். அழகாகத்தான் வெந்து வந்தது.

தங்கை வந்தாள். சிரிப்பில்லை. முதல் வாயை மென்றவள் பாதியில் நிறுத்தினாள். தட்டில் துருத்திக்கொண்டிருந்த தாளை மெதுவாக இழுத்துத் திருப்பினாள்.

"'சுடுவதற்கு முன் இந்தத் தாளை எடுத்துவிடவும்'னு போட்டிருக்கு, அக்கா."

மனைவி திருதிருவென்று விழித்தாள். பழியை ஏற்றுக்கொள்ள நான் தொண்டையைக் கனைத்தேன். அவள் கையைக் காட்டி என்னைத் தடுத்தாள்.

"ரெடிமேட்தான். எனக்கு மாவு சரியா வரலை" என்றாள். தாளைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றாள்.

தங்கை தாளை ஓரமாக வைத்துவிட்டு, மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு தன் தோள்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த அந்தக் கல்யாண உடுப்பை வெளியே எடுத்தாள்.

"தொளதொளன்னுதான் இருக்கு. இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் கொடுக்கா."

மனைவி அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, அதை இரண்டு கையாலும் வாங்கினாள். உள்பக்கம் திருப்பித் தையலை நெடுநேரம் பார்த்தாள்.

"தையல் ஒண்ணும் மோசமில்லை" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது.