இரண்டு இருபத்தேழும் ஒரே ஒரு லீவும்

போன வியாழக்கிழமை மதியம் ஒன்று ஐம்பதுக்கு ஏழுமலையை எங்கள் கம்பெனி கேட்டில் நிறுத்திவிட்டார்கள். திரையில் சிவப்பு விளக்கு. ‘விடுப்பில் உள்ளார்.’

“நான் லீவே கேக்கல சார்! திரும்பி வூட்டுக்குப் போனா எங்க வூட்டுக்காரி தண்ணி டேங்க் கழுவச் சொல்லுவா. உள்ள வுடு சார்...”

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. நான் டைம் ஆபீஸ். யார் வந்தார், யார் போனார் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. புதிய சாஃப்ட்வேர் வந்து நான்கு நாள்தான். ஏதோ தவறு என்று டோக்கன் 27இன் விடுப்பை ரத்து செய்தேன். பச்சை. மணிமங்கலத்து ஏழுமலை உள்ளே போனார்.

இரண்டு ஐந்துக்கு, பையோடு வெளியே போக வந்தார் வள்ளியூர் இசக்கிமுத்து. சிவப்பு. ‘விடுப்பு இல்லை.’

“சார், நீங்கதான சார் லீவு குடுத்திய? நாளைக்குக் காலைல தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்ல, தட்டு மாத்த நாந்தான் நிக்கணும். நாலரைக்கு கிளாம்பாக்கத்துல பஸ்ஸு...”

அவர் டோக்கன்? அதுவும் 27!

எங்களுக்கு இரண்டு கான்ட்ராக்டர்கள். ஒவ்வொருவரும் தன் ஆட்களுக்குத் தனி நிறச் சட்டை கொடுத்து, ஒன்றிலிருந்து எண் போடுவார். லைனில் யாருக்கும் குழப்பமில்லை. நீலச் சட்டை 27 ஏழுமலை, பச்சைச் சட்டை 27 இசக்கிமுத்து... அவ்வளவுதான்.

விடுப்பைத் திரும்பக் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் கேன்டீனிலிருந்து ஏழுமலை ஓடிவந்தார்.

“இன்னா சார் வெளையாடறீங்களா? டீ குடுக்க மாட்டேன்றான். நான் லீவுல கீறனாம்!”

“அண்ணாச்சி, எனக்காக ரெண்டு நாளு லீவுல இருங்களேன்” என்றார் இசக்கிமுத்து.

“உனுக்கு நிச்சயம், எனுக்கு டேங்க்கா?”

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இசக்கிமுத்து போன பிறகு ஏழுமலைக்காக நான் விடுப்பை ரத்து செய்தால், இசக்கிமுத்து சொல்லாமல் நின்றதாகப் பதிவாகும். கான்ட்ராக்டர் சிஸ்டம் ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்ப்பார். திரும்பி வரும்போது வேலை இருக்காது.

சாஃப்ட்வேர் எழுதிய கௌசல்யா எங்கள் ட்ரெய்னிங் ரூமில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு 27களையும் அழைத்துக்கொண்டு போனேன்.

“டேட்டாபேஸ்ல கான்ட்ராக்டர், டோக்கன் ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு ஆளு சார். ஆனா டேட்டாபேஸ்கிட்ட பேசறது நான் இல்ல, நடுவுல ஒரு டூல். எதை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கணும்னு நான் அதுக்குச் சொல்லணும். டோக்கனை மட்டும் சொல்லிட்டேன். அதான் 27ன்னு இருக்கிற எல்லாருக்கும் லீவு போட்டுடுச்சு.”

“ஏன் ஒன்றை மட்டும் சொன்னீர்கள்?” என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.

அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ‘டோக்கன் எண் — ஆளுக்கு ஒன்று, இருவருக்கு ஒரே எண் வராது.’ சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

என் கையெழுத்து! சாஃப்ட்வேர் எழுதும் முன் அவர் கேட்டு, நான் எழுதிக் கொடுத்த தாள்.

இருபது வருடமாக நான் கான்ட்ராக்டருக்கு ஒரு நோட்டுப் போடுகிறேன். ஒரு நோட்டுக்குள் இரண்டு 27 வந்ததே இல்லை. கான்ட்ராக்டர் பெயர்? அது நோட்டின் மேலட்டையில் இருக்கிறது. உள்ளே எதற்கு என்று ஒரு பக்கத்திலும் எழுதியதில்லை. நமக்கு ரொம்பத் தெரிந்த விஷயத்தைத்தான் நாம் யாரிடமும் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

கௌசல்யா இரண்டையும் சேர்த்து ஒரே அடையாளமாக எழுதினார். டோக்கனை மட்டும் வைத்து ஆளைத் தேடிய இடமெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது... கேட், கேன்டீன், லீவு. இசக்கிமுத்து உட்காரவே இல்லை. மூன்று இருபதுக்கு இருவரையும் கேட்டில் நிறுத்திச் சோதித்தோம். பச்சைச் சட்டைக்கு விடுப்பு. நீலச் சட்டைக்கு வேலை.

“ஓடு நைனா, ஓடு!” என்று கத்தினார் ஏழுமலை. இசக்கிமுத்து ஷேர் ஆட்டோவை நோக்கிப் பறந்தார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு என் போனில் ‘டோக்கன் 27’ என்ற பெயரைத் தேடி, ‘தட்டு மாற்றியாயிற்றா? தங்கைக்கு என் ஆசிகள்’ என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: ‘எனுக்கு ஏது சார் தங்கச்சி?’