ரோஸ் கிள்ளி வைத்த புகையிலை

ரோஸ் போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, 'இதை ஏன் எனக்கு எடுத்துச் சொல்கிறாள்?' என்றுதான் முதலில் நினைத்தேன். என் குணம் அது. அழுகை பிறகுதான் வந்தது.

சுவிஸில் இந்த ஷாஃப்ஹவுசன் வாடகைத் தோட்டத்தில் எங்களோடு ஆளுக்கொரு துண்டு நிலம் எடுத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அமெரிக்கப் பழங்குடிகளான பொட்டவாட்டமி இனத்தவர். சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர். அவரே இதைச் சொல்லியும் எங்களில் பாதிப்பேர் நம்பவில்லை. "பிலிப்பைன்ஸ்காரியாத்தான் இருக்கும், சும்மா கதை விடுறா" என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

என் துண்டுக்கு அடுத்தது அவருடையது. ஒரு ஆவணியில் என் புதினாப் பாத்தியில் ஒரு சிட்டிகை புகையிலை கிடந்தது. எங்கள் ஐயா ஊரில் புகையிலை பயிரிட்ட கமக்காரர். அந்த மணம் எனக்குத் தப்பாது. அதே கிழமை என் கத்தரியும் வாடத் தொடங்கிவிட்டது. ஐயோ, செய்வினையேதான்! அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், மனுசி பெரிய பானையில் சோளத்தோடு விறகுச் சாம்பலையும் போட்டு அவிக்கிறார். "உனக்கென்ன விசரே?" என்று என் கணவர் சிரித்தார். நான் கோயிலுக்குப் போய்ச் செய்வினை கழியத் தேசிக்காய் வெட்டுவித்துக்கொண்டு வந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புகை, சாம்பல், விளங்காத சடங்கு என்று எழுதி, அவருடைய துண்டைப் பறிக்கச் சொல்லி ஒருவர் தோட்டக் குழுவுக்குக் கடிதம் கொண்டுபோனார். நானும் கையெழுத்து வைத்தேன்.

குழு வந்து நின்ற அன்று ரோஸ் சோளத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் எங்கள் ஆட்களை ஊரைவிட்டு நடத்திக் கலைத்தபோது மடியில் கட்டிக்கொண்டுபோன விதை இது. என் அம்மா எனக்குத் தந்தது. இது இன்னும் முற்றவில்லை. இப்போது பிடுங்கினால் என்னிடம் வேறு விதைமணி இல்லை" என்றார். போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி அங்கே அடுப்பு மூட்டக்கூடாது என்ற கட்டளையோடு குழு அவரை விட்டுவிட்டது.

அறுவடைக்குப் பிறகு அந்தச் சோளத்தில் சூப் வைத்து எனக்குக் கொண்டுவந்தார். என்ன கலந்திருக்குமோ? "முதலில் நீங்கள் குடியுங்கோ" என்றேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் பாஷையைப் பேசியதற்கு வெள்ளைக்காரரின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் என் அம்மாவை அடித்தார்கள். அவர்கள் தந்த சாப்பாட்டை அம்மா மணந்து பார்க்காமல் தொடமாட்டார். எங்கள் ஆட்களில் எதையும் சந்தேகப்பட்டவர்கள்தான் மிஞ்சினோம்."

சாம்பல் சோளத்தின் தோலைக் கழற்றத்தானாம். பிறகு ஏழெட்டுத் தண்ணீரில் கழுவுவாராம். புகையிலையைப் பற்றியும் கேட்டுவிட்டேன். "உன் புதினாவில் கொஞ்சம் பிடுங்கினேன். செடியிடம் எடுக்க முதல் அதற்குப் புகையிலை கொடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம்" என்றார். செடியிடம் கேட்டிருக்கிறார், என்னிடம் கேட்கவில்லை! இரண்டு பேரும் இரவல் ஜெர்மனில் விழுந்து விழுந்து சிரித்தோம். அதன்பிறகு பதினொரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் கொத்தினோம். கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இறுதிச்சடங்கு முடிந்ததும் மகள் ஒரு போத்தல் விதைச் சோளத்தை என் கையில் வைத்தாள். பாதி தனக்காம், பாதி எனக்காம். எனக்கு உடனே சந்தேகம். "ஏன் எனக்கு?" என்றேன்.

அவள் சொன்னாள்: "அந்த முறைப்பாட்டுக் கடிதத்தில் தமிழில் ஒரு கையெழுத்து இருந்ததாம். அது உங்களுடையது என்று அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். 'அவள் ஆரையும் இலேசில் நம்பமாட்டாள். விதையை அவளிடம் கொடு, பத்திரமாய் இருக்கும்' என்று அம்மா சொன்னா."

ரோஸிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் போத்தல்தான். நாளுக்கு இரண்டு தரம் திறந்து, வண்டு விழுந்துவிட்டதோ என்று பார்க்கிறேன்.