ஆனிக்கும் ஆவணிக்கும் நடுவே ஒரு வீடு

1958-இல் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எனக்கு மாற்றல் வந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அது எங்களுக்கு நாலாவது வாடகை வீடு. வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மகனுக்குக் கல்யாணம், ஆவணி பிறந்ததும் காலி செய்துகொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் மனைவி சொன்னாள்: "இனிமே இன்னொருத்தர் வூட்டு ஆணியில நான் காலண்டர் மாட்டமாட்டேன்."

நாங்கள் இருவரும் நகரித் தறிக்காரக் குடும்பங்களில் பிறந்தவர்கள். வீடு என்பது எங்கள் மனிதர்களுக்குப் பாகப்பிரிவினையில் வருவது. தெருத்தெருவாகப் போய்ப் பார்த்து வாங்கியவர் இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் எனக்குத் தயக்கமில்லை. எதையும் நாள்வாரியாகக் குறித்துவைத்து, யோசித்து முடிவு செய்கிறவன் நான்.

அந்த நாளில் எங்கள் ஜில்லாவில் வீடு பார்ப்பவனுக்கு ஒரு கேள்வி கூடுதலாக இருந்தது. வாங்குகிற வீடு எந்த மாநிலத்தில் இருக்கப்போகிறது? ஆந்திர மாநிலம் பிறந்த 1953 அக்டோபர் 1 முதல் எல்லைச் செய்திகளை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். திருத்தணி சென்னையோடு போகும், நகரியும் திருப்பதியும் இங்கேயே இருக்கும் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மைத்துனர் திருத்தணியில் ஒரு நல்ல வீட்டைக் காட்டியபோது, "உத்தியோகம் இங்கே, வீடு அங்கேயா?" என்று மறுத்துவிட்டேன். 1960 ஏப்ரல் 1 அன்று நான் சொன்னபடியேதான் ஆயிற்று.

வீட்டைச் சோதிக்க மனைவி தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். கையில் ஒரு தூக்குப் போசியோடு வருவாள். கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி எடுத்துக்கொண்டு வந்து, அதில் துவரம்பருப்பை வேகவைப்பாள். பருப்பு மசியாவிட்டால் அந்த வீடு போயிற்று. வடமாலபேட்டை சாலையில் பார்த்த விசாலமான வீடு அப்படித்தான் போயிற்று. இன்னொன்றுக்குப் பருப்பு வெந்தது, ஆனால் நேரே வாசலில் வந்து முட்டும் தெருக்குத்து. பதினோராவதாகப் பார்த்த வீடு திருப்பதியிலேயே, மேற்குத் தெரு ஒன்றின் கடைசியில் இருந்தது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, பின்னால் கிணறு. பருப்பு அரை மணியில் குழைந்தது.

"இதுதாங்க," என்றாள். "வேற எங்கியும் என்னைக் கூட்டிக்கினு போவாதீங்க."

வீட்டை விற்பவர் ஓய்வுபெற்ற தெலுங்கு வாத்தியார். மகள் இருக்கும் ஊருக்கு மனைவியோடு போய்விட முடிவு செய்திருந்தார். இருவரும் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். விலை ஒத்துவந்தது. தாம்பூலம் மாற்றி வாக்குக் கொடுத்துவிட்டால், பிறகு பத்திரம். புத்தூர் ஜவுளி வியாபாரி ஒருவர் இதே வீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார் என்பதால் நான் தாமதிக்க விரும்பவில்லை. பஞ்சாங்கம் பார்த்தேன். ஆடியில் கூடாது. ஆனி முதல் வாரத்து வியாழன் குறையில்லாத நாள். வெற்றிலை, பாக்கு, பழம், முன்பணத்தோடு காலை எட்டு மணிக்குப் போய் நின்றோம்.

வாத்தியார் தட்டைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"என்ன சார், நேத்துதானே ஆஷாடம் பொறந்தது. ஆஷாடத்துல தாம்பூலம் எப்படி வாங்கறது?"

ஆஷாடம் என்றால் நம்முடைய ஆடி என்றே நான் நினைத்திருந்தேன். ஐந்து வருடமாகத் தெலுங்கில் கோப்பு எழுதுகிறவன், அவர்களுடைய மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது என்பதை யோசிக்கவேயில்லை. நம் ஆனி பாதிக்குமேல் போன பிறகு ஆஷாடம் பிறக்கும் வருடங்களும் உண்டு. அந்த விளம்பி வருடத்தில் ஆனி பிறந்த நாலாம் நாளே பிறந்துவிட்டது.

"அப்ப ஆஷாடம் முடிஞ்சதும் வெச்சுக்கலாம்," என்றேன்.

"அப்ப உங்களுக்கு ஆடி வந்துடும். எனக்கும் ஆகாது. இந்த வருஷம் சிராவணம் ரெண்டு தடவ வருது, மொதல்ல வர்றது அதிக சிராவணம். அந்த மாசம் பூராவும் நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம்."

அவருடைய தெலுங்குப் பஞ்சாங்கத்தை வாங்கி என்னுடையதோடு சேர்த்துவைத்துப் பார்த்தேன். எங்களுக்கு நல்ல ஆனி அவர்களுக்கு ஆஷாடம். அடுத்த மாதம் இருவருக்குமே அடைப்பு. அது முடிந்து அவர்களுடைய நிஜ சிராவணம் ஒரு சனிக்கிழமை பிறக்கிறது. அன்று எங்களுக்கு ஆடி கடைசி நாள். ஆவணி பிறப்பது ஞாயிறு. பத்திர அலுவலகம் திறப்பது திங்கள். அதாவது, நாள் கிழமை எதையும் பார்க்காத புத்தூர்க்காரருக்கு எங்களுக்கு முன்னால் ஒரு முழு சனிக்கிழமை இருந்தது. மாநில எல்லையையே கணித்துச் சொன்னவனுக்கு இந்தச் சனிக்கிழமை தெரியாமல் போயிற்று.

"வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்னு வாயால சொல்லலாமே," என்றேன்.

"அதுவும் வாக்குதானே சார்," என்றார் வாத்தியார். தவறாக நினைக்க முடியாத மனிதர்.

என் மனைவி அதுவரை வாத்தியார் வீட்டு அம்மாளோடு கிணற்றடியில் இருந்தாள். திரும்பி வந்து, "அக்கா, ஆஷாடத்துல குடுக்கத்தானே கூடாது? எங்க பொருள் ஒண்ணு இங்க சும்மா இருந்தா தப்பா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கறதுக்கு மாசம் ஏதும்மா? இருக்கலாம்."

மறுநாளே எங்கள் ஆட்டுக்கல் மாட்டுவண்டியில் ஏறியது. என் மாமியார் வீட்டுச் சீர் அது. இரண்டு ஆள் தூக்க வேண்டும். "நாம போனாத்தான் குடிபோறது. கல்லு போனா இன்னா?" என்றாள் மனைவி. கிணற்றை ஒட்டிக் கல் உட்கார்ந்தது. பிறகு வாரம் இரண்டு முறை, ஊறவைத்த அரிசியும் உளுந்துமாகக் குண்டானோடு அங்கே நடந்து போய் மாவாட்டிக்கொண்டு வந்தாள். ஆடியிலும் நிறுத்தவில்லை. எங்கள் தெருவில் சிரித்தார்கள். "மாவாட்டறதுக்கு அவ்ளோ தூரமா?" என்று கேட்டவளிடம், "எங்க கிணத்துத் தண்ணி விட்டு ஆட்டினாத்தான் இட்லி பொங்குது," என்று பதில் சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். இன்னும் எங்கள் கிணறு ஆகவில்லை என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, மனைவியோடு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். நாங்கள் போனபோது புத்தூர்க்காரர் ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தட்டில், ஆனியில் நாங்கள் கொண்டுபோனதைவிட இரண்டு மடங்கு பழம்.

"இன்னிக்கு சிராவணம் வந்துடுச்சு மாஸ்டரே. இனிமே உங்களுக்கு இன்னா தடை?" என்றார் அவர்.

வாத்தியார் எங்களைப் பார்த்தார். "நீங்க இன்னிக்கு வாங்கமாட்டீங்க, இல்லையா?"

வாய்வரை வந்துவிட்டது, வாங்கிக்கொள்கிறேன் என்று. மனைவி முந்திக்கொண்டாள். "ஆடியில வாங்கமாட்டோங்க. நாளைக்கி தாம்பூலம், நாளன்னிக்கி பத்திரம்."

"கேட்டீங்களா," என்று புத்தூர்க்காரர் சிரித்தார். "இவங்க நாள் பாத்துக்கினே இருக்கட்டும்."

அப்போது அந்த அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். "கிணத்தாண்ட ஒரு கல்லு கீது, பாத்தீங்களா?"

"பாத்தேன். கல்லு வெச்சவங்கல்லாம் வூட்டுக்காரங்களா?"

"ரெண்டு மாசமா அதுல அரைச்ச மாவுலதான் நானும் இட்லி சுடறேன். இந்தப் பொண்ணு எனக்கு ஒரு பங்கு வெச்சிட்டுதான் போவும். அந்தக் கல்லைத் தூக்கித் தெருவுல வெச்சிட்டு வாங்க. அப்பறம் உங்க தட்டை வாங்கிக்கறோம்."

மாவில் பங்கு கொடுத்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். புத்தூர்க்காரர் எழுந்து பின்பக்கம் போனார். கல்லையும், அவருக்கு முன்பே போய் அதன் பக்கத்தில் நின்ற என் மனைவியையும் பார்த்தார். குனியவில்லை. திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டு, "மாஸ்டரே, நீங்க வூட்டை விக்கல, மாவுக்குக் குடுத்துட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஆவணி முதல் தேதி தாம்பூலம் மாற்றினோம். இரண்டாம் தேதி, திங்கள், பகல் பன்னிரண்டுக்குள் பத்திரம் பதிவாயிற்று. அன்று சாயங்காலமே சாமான்களோடு வந்து இறங்கினோம்.

வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார். கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார். "சார், பிரயாணத்துக்கு நாள் பாத்தேன். இன்னும் ஒன்பது நாள் கழிச்சுத்தான் நல்லா இருக்கு."

"இருங்க," என்றேன்.

முன்னறை எங்களுக்கு, உள்ளறை அவர்களுக்கு என்று ஆயிற்று. அந்த அம்மாள் சமைத்தார். என் மனைவி எதை எங்கே வைக்கலாம் என்று அவரைக் கேட்டுக் கேட்டு வைத்தாள். வாத்தியார் காலையில் செய்தித்தாளை முதலில் படித்துவிட்டு, எல்லைச் செய்தி இருந்தால் மடித்து எனக்குக் கொடுப்பார். வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்த வீட்டில் குடியேறி, முதல் ஒன்பது நாளும் கிணற்றுக் கயிற்றைத் தொடுமுன் நாங்கள் அவர்களிடம் கேட்டுக்கொண்டோம்.