டெய்லர் செபஸ்தியானின் யஹீத்

வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டேதான் செபஸ்தியான் பேசுவார். பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் அவரிடம் பள்ளிக்கூடச் சீருடை தைக்கக் கொடுப்பவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். விட்டுப்போகிற எழுத்துகளை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். இப்போது கொஞ்ச நாளாக அது முடிவதில்லை. இடுப்பளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே, "யஹீத்னா என்னான்னு தெரியுமுங்களா?" என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வது?

"மாத்திரைங்களா டெய்லரே? சுகருக்கா?" என்றார், பேரனுக்கு டவுசர் தைக்க வந்த பெரியவர் மாது.

"எபிரேயங்க. வேதத்தோட மூல பாஷ. ஒத்தப் புள்ளைக்கு அதுல யஹீத்."

அவருக்கும் ஒற்றைப் பிள்ளைதான். மனைவி சலேத்தம்மாள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மகன் ரெஜிஸ் சேலத்தில் டிகிரி முடித்துவிட்டு, மலைமேல் இருக்கும் ஒரு துறவு மடத்தில் சேரப்போகிறேன் என்கிறான். ஒரே பிள்ளை என்பதால் மடத்துப் பெரிய சாமியார் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறார். தகப்பன் தன் வாயால் 'சரி' என்று சொல்ல வேண்டும், அதை அவர் தன் காதால் கேட்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஆகாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பெரிய சாமியார் போன் செய்வார். "வார்த்தயப் பாத்துக்கிட்டு இருக்கறனுங்க சாமி, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார் செபஸ்தியான்.

மறுத்துப் பேச வாய் வரவில்லை. சம்மதிக்க மனசும் வரவில்லை. ஒற்றைப் பிள்ளையைக் கடவுள் கேட்கக் கூடாது என்று மூல பாஷையில் எங்காவது ஒரு வரி இருக்காதா என்று தேட ஆரம்பித்தார். தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, யார் யாரோ நடத்தும் பாடங்களைக் கேட்டார். கிடைத்ததெல்லாம் அவருக்கு எதிராகவே இருந்தது. ஆபிரகாம் கதையில் கடவுள் பலியாகக் கேட்பதே அந்த யஹீத்தைத்தான். இன்னோர் இடத்தில், கடவுளிடம் முறையிடும் ஒரு பாட்டில், அதே சொல்லுக்குத் துணையில்லாமல் கிடக்கிறவன் என்று அர்த்தம். அன்றைக்குப் பொழுதோடு கடையைச் சாத்திவிட்டார். மகன் சேலம் போனதிலிருந்து அவர் அடுப்பு மேடையில் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறார். "ஒக்காந்து தின்னா வூட்ல நாம மெல்லற சத்தம் நமக்கே கேக்குதுங்க."

அடுத்தது அரமேயம். எபிரேயத்துக்குத் தங்கச்சி மாதிரி, இயேசு பேசிய பாஷை. அதிலாவது ஒரு இரக்கம் இருக்கும் என்று நினைத்தார். அதன் சிரியாக் வழக்கில் அகப்பட்ட சொல் ஈஹிதாயா. ஒரே பிள்ளைக்கும் அதுதான். கல்யாணம் காட்சி இல்லாமல் கடவுளுக்கென்று தனித்திருக்கும் துறவிக்கும் அதுதான்.

பக்கத்தில் பட்டன், நூல், ஜிப் விற்கும் அப்துல் கனியிடம் போனார். "ஒங்க அரபியிலயாச்சும் வேற மாதிரி இருக்குமா பாய்?"

"எங்க வூட்லயே இருக்குது. ஒரே பொண்ணுன்னுதான வஹிதான்னு பேரு வெச்சோம்."

"அதயும் கட்டிக் குடுத்துட்டீங்க."

"பின்ன, கடையில பட்டனோட பட்டனா மாட்டி வெக்கறதா?" என்றவர், ரசீதுக் கட்டைத் தள்ளி வைத்தார். "ஆம்பூர் போயிட்டா. மொத மாசம் வூட்டுக்குள்ளாறவே நுழைய முடியல டெய்லரே. இப்ப நுழையறேன். நீங்க மூணு பாஷ பாத்தாச்சு. பையன் மூஞ்சிய ஒருக்கா பாருங்க."

சனிக்கிழமை ரெஜிஸ் வந்தான். கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே, ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தான். செபஸ்தியான் மெஷினை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே மடத்துக்குப் போன் போட்டார்.

"சாமி, செபஸ்தியானுங்க. சரிங்க." போனை மெஷின்மேல் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ரெஜிஸ் தலை நிமிரவில்லை.

"அங்கி யாருடா தெப்பாங்க?"

"அங்கயே ஒரு பிரதர் இருக்காருப்பா."

"எந்திரி."

கழுத்திலிருந்து கணுக்கால்வரை அளந்தார். அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் விரித்தார். வளர்கிற பிள்ளைகளின் சீருடைக்குத்தான், பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள, உள்பக்கம் துணி விடுவது வழக்கம். அளவுக்கோட்டுக்கு வெளியே அவர் நான்கு விரல் வைப்பதை ரெஜிஸ் பார்த்தான்.

"நான் இனிமே எங்கப்பா வளரப்போறேன்?"

"ஒடம்பு போட மாட்டியா?"

"போட்டா அவரே பிரிச்சுக் குடுத்துடுவாரு."

"என் தையல அவருக்குப் பிரிக்கத் தெரியாது. இங்கதான் எடுத்துட்டு வரணும்."

சாக்கட்டியை எடுத்தார். நான்கு விரலோடு கட்டை விரலையும் சேர்த்து வைத்து, அதற்கும் வெளியே கோடு போட்டார்.