இரண்டு வாளிக் கசடு

2024 மார்ச் 12, செவ்வாய், காலை ஏழு இருபது. வெயில் அதற்குள் சுட்டது. காமயகவுண்டன்பட்டியில் இருக்கும் என் திராட்சைச் சாறு ஆலைக்கு, காஸ் தொட்டி பழுது பார்க்கும் ஒருவர் டவுன் பஸ்ஸில் வந்திறங்கினார். ஒல்லியானவர்; முழங்கை வரை காய்ந்த கசட்டின் கறை.

ஆலைக் கழிவுநீரின் கசட்டைக் காற்றுப் புகாத தொட்டியில் மட்கவிட்டு, அதில் உண்டாகும் மீத்தேனில்தான் சாறு காய்ச்சுகிறோம். இரண்டு மடங்கு கசடு ஊற்றினால் இரண்டு மடங்கு காஸ் என்று நான் போட்ட கணக்கில் அடுப்பே அணைந்துவிட்டது. எண்பது பெட்டித் திராட்சை காத்திருந்தது.

அவர் குழாயைத் திறந்து, கசட்டை விரலில் தேய்த்து முகர்ந்தார். எதற்கும் அதுதான் அவருடைய சோதனை.

"புளிச்சுப்போச்சுங்கய்யா. உள்ள இருக்க கிருமிகளுக்குத் தீனி கூடுனா செமிக்காது."

சுண்ணாம்பும் சாணியும் கரைத்து ஊற்றினார். "நான் வர்ற வரைக்கும் பட்டினி போடுங்க. அதுவரைக்கும் விறகுதான்."

"எத்தனை நாள்?"

"அதுக்குப் பசிக்கிற வரைக்கும்."

எண் இல்லாத பதில் எனக்கு ஒத்துவராது. நான்காம் நாள், யாரும் பார்க்காதபோது, இரண்டு வாளி ஊற்றிவிட்டேன்.

மறுநாள் வந்தவர் விரலை முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு வாளி ஊத்துனீகளாக்கும்?"

"ஒன்றரை," என்றேன். எழுபத்திரண்டு வயதில் சொன்ன பொய்.

"ரெண்டுங்கய்யா. இன்னும் அஞ்சு நாள் பட்டினி."

அதிலிருந்து ஆறாம் நாள் அடுப்பு நீலமாக எரிந்தது. வாளிக் கணக்கு அவர் மூக்குக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த ஐந்து நாளும் விறகு வாங்கியதில் எனக்கு ஆனது நாலாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.