பாரிவாக்கம் வீட்டு ரவுட்டரும் எதிர்வீட்டு அக்காவும்

பாரிவாக்கத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக் கேமரா மூன்று நாளாகப் படம் காட்டவில்லை. போன வாரம்தான் அதே தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்கள்.

நான் குடியிருக்கும் பாடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டிலேயே பாதி நாள் போனது.

ரவுட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம்தான் இருக்கிறது. கேட்டேன்.

"இடி இடிச்சுது நைனா. போன மழையில எங்க ஊட்டு டிவி பூட்ச்சே, தெரியும்ல? அதான் ஓடியாந்து புடுங்கினேன்."

"சரிக்கா, மழை விட்டதும் சொருகியிருக்கலாமே?"

"திரும்ப எப்போ இடிக்கும்னு யாரு கண்டா?"

நானே போய்ச் சொருகினேன். வந்தது வந்தோம் என்று, ரவுட்டரின் அடியில் அச்சடித்திருந்த பழைய பாஸ்வேர்டையும் மாற்றி, எவனாலும் கண்டுபிடிக்க முடியாதபடி நீளமாக ஒன்று வைத்து, கேமராவிலும் அதையே போட்டேன். "இது அணைஞ்சா கேமராவுக்குக் கண்ணு தெரியாதுக்கா" என்று இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தால் கூடம் பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன். வானகரம் தாண்டும்போது வானம் இருட்டியது.

போனில் கதவு திறந்தது. அக்கா தலையில் முந்தானையோடு உள்ளே வந்து கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"நைனா, இடிக்குது. நீ பாத்துகினு கீறேன்னுதான் சொல்லிட்டுப் புடுங்கறேன்."

திரை கறுப்பானது.

யோசனை இருந்தால் சொல்லுங்கள். "அக்காவுக்குப் புரியவை" என்பதைத் தவிர.