மேடிசன் சந்தையில் நான் மட்டும் எதிர்ப்பக்கம்

போன சனிக்கிழமை காலை, அமெரிக்காவில் ஒரு சந்தையே என்னை முறைத்துப் பார்த்தது!

ஊர் பார்க்கப் போனவன் இல்லை நான். மகள் தாரணி மேடிசன் நகரத்தில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டாள். அங்கேயே வேலையும் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும்.

லண்டனில், எங்கள் மோர்டன் வீட்டு வாசலிலேயே மனைவி சொல்லிவிட்டார்: "சும்மா வராதேங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மேடிசன் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலம். ஒரு பக்கம் யூனிவர்சிட்டி, நடுவில் வெள்ளைக் குவிமாடத்தோடு சட்டசபை. (ஏரி அழகுதான். மனைவியிடம் சொல்லவில்லை.)

சட்டசபையைச் சுற்றி நாலு பக்கமும் சந்தை. தக்காளி, தேன், கடித்தால் கீச்சென்று சத்தம் போடும் சீஸ்!

நடுவில் பெரிய கட்டடம், உச்சியில் தங்கச் சிலை, சுற்றிவர வீதி. கால் தன்பாட்டில் வலம் வரத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக் கோயில் பழக்கம்!

எதிரே முழு ஊரும் வருகிறது. ஒரு குழந்தை வண்டி முழங்காலில் இடித்தது.

"அப்பா, ஸ்டாப்! ராங் வே! இங்க எல்லாரும் மற்றப் பக்கமாத்தான் சுத்துவினம்."

"ஆர் சொன்னது? போர்ட் ஒண்டையும் காணேல்லையே?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அப்பிடித்தான்."

நான் விடவில்லை. எதிர்நீச்சல் போட்டபடியே லண்டன் வேலை, வீடு, அம்மா என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பாதி வசனத்தில் யாராவது நடுவே புகுந்துவிடுவார்கள். அவள் எங்கேயோ, நான் எங்கேயோ.

கடைசியில் களைத்துப்போய்த் திரும்பினேன். அப்போதுதான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடிந்தது.

பூ விற்ற பெண் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தேன்கடைக்காரரும்தான். (மோர்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.)

"அப்பா, எனக்கு இங்க பிடிச்சிருக்கு. நான் இருக்கட்டோ?"

முடிவைச் சொல்லவில்லை, கேட்டாள்.

"ஓம், இரு பிள்ளை" என்றேன்.

பின்னேரம் மனைவியின் போன்.

"பிள்ளை வாறாளோ?"

"ஓம், வாறாள்."

"எப்ப?"

"கிறிஸ்மஸ் லீவுக்கு."

"உங்களைப் போய் அனுப்பினனே, என்னைச் சொல்லோணும்! நானே போறன்."

டிக்கெட்டும் போட்டாயிற்று. அடுத்த மாதம் பயணம்.

சந்தையை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் மனைவியிடம் நான் வாயே திறக்கவில்லை!